ஒன்பது மணிக்கு வா

1

இந்தக் கதை ஒரு கருத்துக்கணிப்பில் கிடைத்தது. 2022 அக்டோபர். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கத்தை மெக்சிகோ கைவிடப்போகிறது என்று பேச்சு. எங்கள் ஊர் வானொலிக்காக மக்களிடம் ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டு எழுதினேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் இது என் தலையில் விழுந்தது.

ரொட்டிக்கடைக்காரர்: “ஒழியட்டும் வாத்தியாரே. இருபத்தாறு வருஷமா எங்க வீட்டுச் சேவலுங்களுக்குச் சொல்லிப் பாக்குறேன், ஒண்ணும் கேக்கல.”

முடிதிருத்துபவர்: “சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சம் கிடைச்சுது. அதையும் புடுங்கிக்கிறாங்க.”

பள்ளிச் சமையற்காரி ஒப்தூலியா: “என் மகன் ஒம்போதுக்கு வான்னான். வண்டி எட்டுக்கே போயிடுச்சு. ஏன்னு நீங்க சொல்லுங்க, அப்புறம் என் கருத்தை நான் சொல்றேன்.”

அவள் பெயருக்கு நேரே கட்டத்தைக் காலியாக விட்டேன்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: “மலையில் மூடுபனி இறங்கிய அந்தக் காலையில்…” அது மே மாதம். மூடுபனி ஏது? அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். எங்கள் ஊர் அரசாங்க நேரத்தில் ஓடுகிறது. மேலே மலையில் லா ஹோயா கிராமம் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. அவர்களுடையது கடவுள் நேரம். கோடையில் இங்கே ஒன்பது என்றால் அங்கே எட்டு.

ஒப்தூலியாவின் மகன் எலியசர், தகப்பன் இறந்தபின் மலையில் பெரியப்பா நாபோருடன் அவகாடோ தோப்பில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் இறங்கி வருவான். அவள் ஏறிப் போனதில்லை. 2009இல் வடக்கே, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போகிறேன் என்றான். கூடாது என்று அவள் சண்டை போட்டாள். இரண்டு வாரம் பேச்சில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான்: “ஒம்போதுக்கு வாம்மா.”

அவள் கணக்குப் போட்டாள்: மலையில் ஒன்பது என்றால் நமக்குப் பத்து. துணியில் சுற்றிய கொருண்டா என்ற சோளமாவுக் கொழுக்கட்டை சூடு ஆறாமல் அவள் போய் இறங்கியபோது, கோயில் மணி ஒன்பது அடித்தது.

“வண்டி போய் ஒரு மணி நேரமாச்சே,” என்றார்கள்.

அதன்பிறகு எலியசரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. (இங்கே “பாலைவனத்தில் அவன்” என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். வேண்டாம். யாருக்கும் தெரியாது.)

“நான் வந்தா அழுது தடுப்பேன்னு பொய் சொல்லிட்டான்,” என்கிறாள் ஒப்தூலியா. பதின்மூன்று வருடங்களாக அவளிடம் இருக்கும் விடை இது ஒன்றுதான்.

3

என் முதல் வரைவிலும் எலியசர் பொய்யன்தான். தாயின் கண்ணீருக்குப் பயந்த மகன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பு இடித்தது. அம்மா வரக்கூடாது என்று நினைப்பவன் எதற்குக் கூப்பிட வேண்டும்? இயந்திரத்தைப் பூட்டியபின் ஒரு திருகாணி கையில் மிஞ்சினால், பூட்டியது தவறு.

கருத்துக் கேட்க நாபோரையும் கூப்பிட்டேன். “நாலு மணிக்கு வாங்க,” என்றார். மலை நேரம் எனக்குத் தெரியாதா? எங்கள் ஐந்துக்குப் போய் நின்றேன். காப்பி ஆறிப்போயிருந்தது.

“ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன் வாத்தியாரே. படிச்சவங்களுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாதா?”

“இப்பதானே உங்க ஊர்ல நாலு அடிக்குது?”

“நான் சொன்னது உங்க நாலு! கீழருந்து வர்றவங்களுக்கு அவங்க மணியத்தான் சொல்லுவோம். விருந்தாளியையா கணக்குப் போட வைப்பாங்க?”

குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்: “எலியசரும் அப்படித்தான் சொல்லுவானா?”

“இங்க இருந்தவன் வேற எப்படிச் சொல்லுவான்?” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். இவன் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னான். ‘அம்மாவுக்குக் கோவம் தீரல போல’ன்னு சொல்லிட்டு ஏறிட்டான். அதை நான் ஒப்தூலியாகிட்ட சொன்னதில்ல. நீங்களும் சொல்லாதீங்க.”

4

முடிவு ஒன்று: ஒப்தூலியாவிடம் சொல்லிவிடுகிறேன். மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே நொடியில் அவள் மனதில் அவன் சாலையோரம் நின்று அவளைத் தேடத் தொடங்குவான். அவள் மன்னிக்கவில்லை என்று நம்பியபடி வண்டியேறுவான். இனி ஒவ்வொரு நாளும்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. மகன் பொய்யனாகவே இருக்கிறான். ஆனால் யாரையும் எதிர்பார்க்காமல் போனவனாகவும் இருக்கிறான்.

முடிவு மூன்று: நான் அடுக்களை வாசலில் நிற்கிறேன், அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், நான்

(இதற்கு மேல் ஓடவில்லை.)

எந்தத் துக்கம் இலேசானது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. சொல்வதா வேண்டாமா என்பதை, ஒப்தூலியாவை அறியாத உங்களிடம் விட்டுவிடுகிறேன். விடையை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மகன் சொன்னது ஊர் ஒன்பது. மலையில் அது எட்டு. தாய் போனது மலை ஒன்பதுக்கு. ஊரில் அது பத்து. அவன் அவளுடைய கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் அவனுடைய கடிகாரத்தைப் பார்த்துப் போனாள்.