கும்மிடிப்பூண்டிக்கு ஏழு எழுத்து

ஞானம்மா இன்னொரு நாள் லேட்டாக வந்தால் வேலை காலி. சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். காண்டிராக்ட் வேலைதானே, கேட்க நாதி ஏது?

அவள் ஒன்றும் தூங்குமூஞ்சி இல்லை. விடிந்ததுமே பெரியபாளையம் நிறுத்தத்தில் போய் நிற்கிறவள்தான். ஆனால் வருகிற கம்பெனி பஸ் எல்லாம் ஒரே டிராவல்ஸ், ஒரே வெள்ளை. தூரத்திலேயே கை காட்டினால்தான் நிற்கும். ஒரு தரம் கும்மிடிப்பூண்டி என்று நினைத்துக் கவரைப்பேட்டை வண்டியில் ஏறிவிட்டாள். இன்னொரு தரம் சந்தேகத்தில் கையைத் தூக்காமல் கோட்டை விட்டாள்.

அந்த பஸ்களின் ஊர்ப்பெயர் போர்டுகளுக்கு எழுத்து வெட்டியவள் வேறு யாருமில்லை, ஸ்டிக்கர் கடையில் வேலை பார்க்கும் அவள் மகள் ஹெலன்தான். பஸ் கண்ணாடி ஓரத்தில் ஒரு முழ அகலப் பலகை. கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழ் ஃபாண்ட் எல்லாம் கால் பரப்பி உட்காருகிற ஜாதி. அதனால் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கியிருந்தாள். ஊர்ப்பெயர் அடங்கியது. ஆனால் நிற்கிற கோடுகள் ஈர்க்குச்சியாக மெலிந்துவிட்டன, ‘ண்’ணின் சுழிகள் அடைத்துக்கொண்டன. பத்தடி தள்ளிப் பார்த்தால் வெறும் கறுப்புப் பட்டை.

“சசி அண்ணா, அந்த கும்மிடிப்பூண்டி போர்ட மாத்தணும். அமுக்காம, ஒல்லியாவே புதுசா வரையணும். நெட்டையா, கோடு மட்டும் தடியா.”

கடைக்காரன் சசிகுமார் எரிச்சலோடு நிமிர்ந்தான். “டிராவல்ஸ்காரன் இன்னா கேட்டானா?”

“கேக்கல. எங்கம்மா பஸ்ஸ உட்டுச்சு. இன்னொருவாட்டி உட்டா வேல பூடும்.”

அவன் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தான். “சாப்பாட்டு டைம்ல பண்ணிக்கோ. ஸ்டிக்கர நான் தரேன்.”

எட்டு எழுத்து. ‘டி’ இரண்டு தடவை வருவதால் ஏழு வரைந்தால் போதும். போதுமாம்! ‘ண்’ மட்டுமே மூன்று நாள் உயிரை வாங்கியது. நிற்கிற கோடுகளைத் தடியாக்கினாள். வளைவுகள் சேருகிற இடத்தைச் சன்னமாக்கி, சுழிக்குள் இடம் விட்டாள். வெட்டி ஒட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாரி ஷெட் சுவரில் சாத்திவைத்துப் பார்த்தாள். ‘பூ’ அடைத்தது. சனியனே என்று திட்டிக்கொண்டு மறுபடி வரைந்தாள்.

“ஓசின்னா மாட்டிக்கிறேம்மா” என்று கும்மிடிப்பூண்டி வண்டியின் டிரைவர் சாலமோன் சிரித்தபடி வாங்கிப்போனார்.

மறுநாள் ஹெலனும் நிறுத்தத்துக்குப் போனாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அம்மா தவறவிட்டால் தானே ரோட்டில் பாய்ந்து மறிப்பது என்று முடிவு.

வளைவில் ஒரு வெள்ளை பஸ் தலைகாட்டியது. ஞானம்மா கண்ணை இடுக்கினாள். கை எழவில்லை. ஹெலன் ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டாள். பஸ் கடந்து போனபோதுதான் தெரிந்தது, அது கவரைப்பேட்டை.

அடுத்த பஸ் வளைவில் திரும்பும்போதே ஞானம்மாவின் கை சடாரென்று மேலே போனது.

“ஏய், வாங்கடி! நம்ம வண்டி!”

“அம்மாந்தூரத்துல எப்படிக்கா தெரிஞ்சிது?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“இன்னாடி கேள்வி? எம்மாம் பெருசா எழுதிக்கீது, படிக்கத் தெரியாதா?”

ஹெலனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சந்தோஷம் தாங்கவில்லை. படியேறிய ஞானம்மா திரும்பிப் பார்த்து அதட்டினாள்.

“நீ இன்னாத்துக்குடி இங்க நின்னு அழுதுகினுகீற? வேலைக்கு நேரமாவல?”