ஜவுபரின் சிந்துப் பெட்டி

ஜவுபர் சவூதியில் வேலை செய்த தன் மச்சான் சீனிமுகம்மதுவுக்கு, வரும்போது ஒரு சிந்த் வாங்கி வா என்று சொல்லியனுப்பினான். சிந்தசைசரைத்தான் இசைக்குழுக்காரர்கள் சுருக்கி அப்படிச் சொல்வார்கள். நீளமாக இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கும், விரலால் அமுக்கி வாசிப்பது என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதையும் விளக்கிச் சொல்வது ஜவுபருக்குக் கௌரவக் குறைச்சல். "சிந்த் எண்டா கடைக்காரனுக்குத் தெரியும்" என்று விட்டுவிட்டான். கடைக்காரனுக்குத் தெரிந்துதான் இருந்தது. மூடியில் சிந்த் என்று இங்கிலீசில் கொட்டை எழுத்தில் போட்ட, காலால் மிதிக்கிற ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நான் மசூர். பகலில் கல்முனை பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பின்னேரங்களில் ஜவுபரின் இசைக்குழுவில் பேஸ் கிட்டார். பேஸ் கிட்டாருக்கு நாலே நாலு கம்பிதான். ஒரு கலியாண வீட்டில் என் மனைவி சுஹறாவின் காக்கா, அவளுடைய மூத்த அண்ணன், எல்லார் முன்னாலும் வைத்து, "மத்த ரெண்டு கம்பியும் எப்ப அறுந்த?" என்று கேட்டார். ஊரில் என் வாத்தியத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். பாட்டுக்காரனைத் தெரியும், டிரம்ஸ்காரனைத் தெரியும், என்னைக் கண்டால் ஸ்பீக்கர் தூக்க வந்தவன் என்று நினைப்பார்கள். ஆனால் நான் நிறுத்தினால் பாட்டு முழுதும் பொத்தென்று விழும். இதை நான் சொன்னால் தற்பெருமை என்பார்கள், அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஜவுபர் சிந்த் கேட்டதே என்னைக் கழற்றத்தான். கீபோட் சிந்த் வந்தால் இடது கையால் அவனே பேஸையும் வாசித்துக்கொள்ளலாம். அதை அவன் ஒளிக்கவும் இல்லை. எண்பத்திரண்டாம் ஆண்டு, அவனுடைய வீட்டு விறாந்தையில், சீனிமுகம்மது பெட்டியைப் பிரித்து வைத்தபோது ஜவுபரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

"என்னடாப்பா இது? இதில கட்டயே இல்லையே."

"பேரு சரிதானே மச்சான்? வாசிச்சுப் பாருங்க" என்றான் சீனிமுகம்மது. அவன் கிட்டாரை வாழ்நாளில் தொட்டவன் இல்லை. ஆனால் பாவம், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்திருக்கிறான்.

நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பேஸ் கிட்டாரின் வயர் செருகும் துளை, மறு பக்கத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் துளை. கிட்டார் சத்தத்தை வாங்கி, அதைச் சிந்த் சத்தமாக மாற்றித் துப்புகிற பெட்டி. ஆக, இதை வாசிக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அதை நான் சொல்லாமலே ஜவுபருக்கு விளங்கியது.

"கலைவிழாவுக்குச் சிந்த் வருது எண்டு நோட்டீசுக்குக் குடுத்தாச்சு. இதுக்குள்ள இருந்து சத்தத்த எடு. எடுத்தியெண்டா நீ இரி. ஏலாதெண்டா கொழும்பில கீபோட் எடுப்பன். மறுகா ஒனக்கு இஞ்ச வேலையில்ல."

நோட்டீஸ் வேறு ஒரு கூத்து. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர் இலக்கணம் படித்த மனிதர். தமிழில் ஒரு சொல் 'த்' என்று முடியக்கூடாது என்று ஒரு 'உ' சேர்த்துவிட்டார். 'கல்முனையில் முதல் தடவையாகச் சிந்து' என்று மஞ்சள் கடதாசியில் ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. ஜவுபர் அதைப் பார்த்து, "பறவாயில்ல, தமிழாத்தான் இரிக்கி" என்றான்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் கம்பியைத் தட்டினேன். வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? பெரிய மாடு ஒன்று தண்ணீருக்குள் ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. சுஹறா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த ஊட்டு உம்மா கேக்காங்க, ஆருக்கு வயித்தால போகுது எண்டு."

பெட்டியின் முகத்தில் மேலும் கீழும் தள்ளுகிற கட்டைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளினால் நல்ல சத்தம் வரும் என்று நினைப்பது மனித இயல்பு. நானும் மனிதன்தான். எல்லாவற்றையும் தள்ளினேன், மாடு இரண்டாயிற்று. பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, இந்தச் சனியன் என்னதான் கேட்கிறது என்று பார்த்தேன். அது கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு சுரம். இரண்டு கம்பி சேர்ந்து முனகினாலும் பெட்டிக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் திக்கும். சத்தம் வெட்டி வெட்டி வரும். ஆகவே வாசிக்கிற கம்பியைத் தவிர மற்ற மூன்றையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். தட்டுகிற விரலின் கனமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோபத்தில் ஓங்கித் தட்டினால் அவ்வளவுதான், உடனே திக்கத் தொடங்கிவிடும்.

தடித்த கம்பியின் அடிச் சுரங்களில் பெட்டி தடுமாறியது. அதனால் கையைக் கிட்டார்க் கழுத்தில் உயர்ந்த சுரங்கள் வரும் இடத்துக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ஒரு ஸ்தாயி கீழே இறக்குகிற கட்டையைத் தள்ளினால் அடிச்சத்தத்தைப் பெட்டியே தந்துவிடும். கம்பியின் சொந்தச் சத்தத்தையும் கொஞ்சம் கலந்து விட வேண்டும். இல்லாவிட்டால் டிரம்ஸ் தொடங்கியதும் பேஸ் எங்கே என்று தேட வேண்டிவரும். இன்னொன்று, பெட்டி ஒரு கணம் பிந்தித்தான் முழிக்கும். அதற்காக நான் ஒரு கணம் முந்தித் தட்ட வேண்டும். இதுதான் கஷ்டமாக இருந்தது. டைம்கீப்பர் உத்தியோகத்தில் நேரத்துக்கு முந்தி ஒரு பஸ்ஸையும் நான் விட்டதில்லை.

பல நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அது வந்தது. மெல்லத் திறந்து, நடுவில் பெருத்து, ஓசையில்லாமல் மூடிக்கொள்கிற ஒரு சத்தம். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுஹறா துருவுவதை நிறுத்திவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"இது நல்லாரிக்கி" என்றாள். "இதையே வாசிங்களேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிக்காஹ் முடித்த நாளில் இருந்து அவள் என் வாசிப்பைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. இனி ஜவுபர் என்னை அசைக்க முடியாது என்று நினைத்தேன். ஜவுபரை எடைபோட்டேன், நோட்டீசை எடைபோடவில்லை.

கலைவிழாவுக்குத் தலைமை தாங்க வல்லிபுரம் ஐயா வந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. நோட்டீசைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். ஒலிபெருக்கியைப் பிடித்தவர் விடவில்லை. காவடிச் சிந்து, வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். இந்தக் கரையில் அழிந்துவிட்டதென்று தாம் நினைத்திருந்த சிந்து மரபை முஸ்லிம் சகோதரர்கள் கட்டிக்காத்து வருவதை அறிந்து தமக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்றார். நெஞ்சு நிறைந்ததை விளக்க இன்னும் நெடுநேரம் எடுத்தார். பிறகு ஜவுபரைப் பார்த்து, "எத்தனை தலைமுறையாக இதைச் செய்து வருகிறீர்கள் தம்பி?" என்று கேட்டார்.

நான் ஜவுபரைப் பார்த்தேன். இது வேறு சிந்து ஐயா, அச்சுப் பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜவுபர் தொண்டையைச் செருமினான்.

"மூத்தவாப்பாட காலத்தில இருந்து ஐயா" என்றான்.

ஜவுபரின் தாத்தாவான அந்த மூத்தவாப்பா மாட்டு வியாபாரி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நான் கையும் விரலும் தேய எடுத்த சத்தம், அதை இவன் மூத்தவாப்பாவுக்கு எழுதிக் கொடுக்கிறான். அந்தக் கோபத்தோடு கம்பியில் கை வைத்தேன். உள்ளங்கை பொத்த மறந்தது, விரல் ஓங்கி விழுந்தது, இரண்டு கம்பி சேர்ந்து அதிர்ந்தது. பெட்டி திக்கியது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, நடுவில் ஒரு விக்கல், மறுபடி நீளமாக ஒன்று. பாட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். என் மானம் போயிற்று, வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

வல்லிபுரம் ஐயா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"இது நொண்டிச் சிந்து" என்றார், ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்க. "ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. கேளுங்கள். அப்படியே நொண்டுகிறது."

மண்டபம் கைதட்டியது. நான் சுதாரித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குச் சுத்தமாக வாசித்தேன், சுஹறா நல்லாரிக்கி என்ற அந்தச் சத்தத்தை. யாரும் கவனிக்கவில்லை. ஐயா வெற்றிலை போட்டுக்கொண்டார். பாட்டு முடிவதற்குள் ஜவுபர் என் காதோரம் வந்து குனிந்தான்.

"மத்தத அடி. நொண்டுறத அடி."

அன்றில் இருந்து நொண்டல்தான். ஐயா பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். மருதமுனையில் கூப்பிட்டார்கள், மட்டக்களப்பில் கூப்பிட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஜவுபருக்குத்தான். அவன் ஜிப்பா தைத்துக்கொண்டான், மேடையில் 'மரபு' என்று கதைக்கத் தொடங்கினான். நான் பின்னால் நின்று, எந்தத் தப்பைத் திருத்த அவ்வளவு பாடுபட்டேனோ அதே தப்பை வேண்டுமென்று செய்தேன். வேண்டுமென்று பிழை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு மனிதனுக்கும் தெரியாது. சுஹறா ஒருநாள் கேட்டாள்.

"அந்த நல்லதை ஏன் வாசிக்கிறல்ல?"

"அதக் கேட்டா ஆரும் கூப்பிட மாட்டாங்க."

"மறுகா என்னத்துக்குப் போறீங்க?"

அதற்குக் கோமாரிப் பாடசாலை விழாவில்தான் பதில் வந்தது. மணலில் கொட்டகை, கடற்காற்று, முன்வரிசையில் மீன்பிடிக்கிறவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கட்டைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, உள்ளங்கையைப் பொத்தி, சுத்தமாக வாசித்தேன். கடைசிப் பாட்டுவரை சுத்தமாக. முன்வரிசையில் ஒருவர் நீட்டிய காலை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு அது போதும். அங்கும் வந்திருந்த வல்லிபுரம் ஐயா மட்டும் முகம் சுளித்தபடி ஜவுபரிடம், "தம்பி, உங்கள் பையன் கெட்டுப்போனான். நொண்டல் போய்விட்டது" என்றார்.

திரும்பி வரும் வாகனத்திலேயே ஜவுபர் கதையை முடித்தான். "நாளையில இருந்து சீனிமுகம்மது வாசிக்கட்டும்."

"அவன் கிட்டாரத் தொட்டதே இல்லையே."

"அதுக்குத்தான்" என்றான் ஜவுபர்.

நியாயம்தான். சீனிமுகம்மதுவுக்குக் கம்பியைப் பொத்தத் தெரியாது, விரலின் கனம் தெரியாது, எதைத் தட்டினாலும் பெட்டி தானாகவே நொண்டியது. முதல் நிகழ்ச்சியிலேயே வல்லிபுரம் ஐயா அவனைக் கட்டிப்பிடித்து, இதுதான் அசல் என்றாராம். அதைக் கேட்ட அன்று நான் டிப்போவில் எல்லாருக்கும் ஏசினேன். அக்கரைப்பற்று பஸ் டிரைவருக்குக் காரணமே இல்லாமல் ஏசினேன். என்னை வெளியே போட்டது கூட எனக்கு ஆறியிருக்கும். என் இடத்தில் ஒன்றும் தெரியாத ஒருவனை நிறுத்தி, என்னைவிட நன்றாக வாசிக்கிறவன் என்று சொன்னதுதான் ஆறவில்லை.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒருநாள், சீனிமுகம்மது டிப்போவுக்கு வந்தான். நனைந்து போய், வாங்குப் பலகையில் உட்காராமல் நின்றான். நானும் உட்காரச் சொல்லவில்லை.

"மசூர் காக்கா, ஒரு கதை கேக்கணும். ஜவுபர் மச்சானுக்குத் தெரியப்படாது."

"செல்லு."

"ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன்தானே. கை பழகிட்டு. இப்ப பெட்டி திக்குதில்ல காக்கா. போன நிகழ்ச்சியில ஒரு பாட்டு முழுக்கச் சுத்தமா வந்திட்டு. மச்சான் ஏசின ஏச்சு கொஞ்சமில்ல. இனியும் இப்பிடி வந்தா வேற ஆளத் தேடுவாராம். வேணுமெண்டு பிழையா அடிச்சுப் பாத்தன், காது கூசுது. நீங்க எப்பிடிச் செஞ்சீங்க?"

இத்தனை நாள் இவன்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவம், இவனுக்கும் காது இருந்துவிட்டது. வாங்கில் கிடந்த பைல்களை ஒதுக்கி அவனை உட்கார வைத்தேன்.

"சுத்தமா வந்ததெண்டியே, அந்தப் பாட்டு. எப்பிடி இரிந்திச்சு?"

சீனிமுகம்மது இரண்டு பக்கமும் பார்த்தான். டிக்கட்காரர்கள் தூரத்தில் நின்றார்கள். அவன் என் பக்கம் குனிந்து, ஏதோ களவெடுத்ததைச் சொல்கிறவன் போலக் குரலைத் தாழ்த்தினான்.

"நல்லா இரிந்திச்சு காக்கா. மெய்யாவே நல்லா இரிந்திச்சு."

"ஆருக்கிட்டயும் செல்லிப்போடாத" என்றேன்.