ரோசா அண்ணியின் கம்ப்யூட்டர்

மூன்றாவது தடவையும் திரை நீலமாகி, செய்த மாற்றங்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்ததும், சிந்தியா மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தாள். காலை டிபன்கூடச் செய்யாமல் அதன் முன்னால் உட்கார்ந்தவள். புதிய ஓ.எஸ். ஏறுவதைக் காட்டும் பட்டை முக்கால்வாசி வரைக்கும் ஒழுங்காக வருகிறது. அங்கே நின்று யோசிக்கிறது. பிறகு, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவதைப் போல, வந்த வழியே போய்விடுகிறது. இதற்கு முதலிலேயே முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்குத் தேர்வு. சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம், பிரெஞ்சு தெரிந்தவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க எடுக்கிறது. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு பென்ஷன் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுத்து, "நீ நல்லா இருப்பம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் வாங்காதவளுக்கு, நாற்பது வயதுக்கு மேல் வந்திருக்கும் முதல் அழைப்பு இது. எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிறாளோ அதில்தான் தேர்வையும் எழுத வேண்டுமாம். நேற்று அவர்களுடைய மென்பொருளைத் திறந்தால், உங்கள் ஓ.எஸ். பழையது, புதியதற்கு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று கையை விரித்துவிட்டது.

பழையதுதான். அவள் கணவன் ஜோசப் ஆனந்தின் அக்கா ரோசா, பாரீசிலிருந்து ஒரு விடுமுறைக்குச் சுமந்துகொண்டு வந்தது. கீபோர்டும் அந்த ஊர்க் கீபோர்டு. நம் ஊரில் க்யூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். முதலில் தடுமாறினாலும் இப்போது சிந்தியாவின் விரல்களுக்கு அதுதான் பழக்கம். இந்த வீட்டில் ரோசா கொடுத்தது எதையும் தூக்கிப் போடக் கூடாது. புதுச்சேரி வெயிலில் ஒருநாளும் போட முடியாத கம்பளிக் கோட்டுகூட பீரோவில் தொங்குகிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருவிழாவுக்கு வருகிற அண்ணியின் கண் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றும். "புதுசா ஒண்ணு வாங்கிடலாங்க" என்று சிந்தியா எத்தனை முறை கேட்டிருப்பாள்! "அக்கா வந்து பாத்தா மனசு கஷ்டப்படும்" என்பதே பதில். பாஸ்வேர்டுகூட ரோசாபாரீஸ்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஆஸுக்குப் போன் போட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, அவசரமாகப் பேசினான்.

"அக்கா, ஆன்டிவைரஸைத் தூக்கிடுங்க. பிரிண்டர், பென்டிரைவ் எல்லாத்தயும் கழட்டிட்டு ஓட்டுங்க. அப்பயும் ஆவலன்னா மெஷினைத் தூக்கினு வந்துடுங்க."

கழற்றினாள். இடம் போதவில்லை என்று அது புதிதாக ஒரு குறை சொன்னதும், அண்ணி விட்டுப்போன, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா வீடியோக்களைக் கொஞ்சமும் யோசிக்காமல் அழித்தாள். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இந்த முறை பட்டை முக்கால்வாசியைத் தாண்டியது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து ஜோசப் ஆனந்த் வீட்டுக்குள் நுழைந்தபோது, புத்தம்புதிய திரை பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது.

அடித்தாள். தவறு என்றது. நிதானமாக அடித்தாள். தவறு. நாத்தனாரின் பெயரை அன்றைக்கு அவள் உச்சரித்த விதத்தில் யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

"உங்க அக்காதான் மாத்திட்டுப் போயிருக்காங்க. போன தடவ வந்தப்ப அவங்கதானே இதுல உக்காந்தாங்க?"

"அவங்க ஏன் மாத்தப் போறாங்க? நீ சரியா அடி."

"எனக்கு அடிக்கத் தெரியாதா? நான் வேலைக்குப் போறது உங்க யாருக்கும் புடிக்கல, அதச் சொல்லுங்க!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும். விண்ணப்பம் அனுப்பச் சொன்னவனே அவன்தான். ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அவன் அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"பாஸ்வேர்டா? நான் எதையும் மாத்தலப்பா" என்றாள் ரோசா. பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம். "மோன் தியே, கடவுளே! அந்தப் பழசையா இன்னும் வச்சிருக்கீங்க? போன தடவ பாத்தப்பவே தூக்கிப் போடச் சொல்லலாம்னு இல்ல நெனச்சேன். சொன்னா சிந்தியாவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லாம இருந்தேன்."

ஜோசப் ஆனந்த் போனை வைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது யாருக்காக என்று நினைக்க நினைக்க, சிந்தியாவுக்கு அந்தப் பெட்டியை மாடியிலிருந்து தெருவில் வீசலாம் போலிருந்தது. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. வெறியோடு இன்னொரு முறை அடித்தாள். அப்போதுதான் பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் தெரிந்தது. பழைய ஓ.எஸ்.ஸில் அது கிடையாது. அதைத் தட்டினாள். புள்ளிகள் எழுத்துகளாயின. ஏ வரவேண்டிய இடத்திலெல்லாம் க்யூ.

புதிய ஓ.எஸ். அவள் கீபோர்டை நம் ஊர்க் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"ஏ-வுக்கு க்யூவ அமுக்கணும்" என்றாள். க்யூவை அமுக்கினாள். திறந்துகொண்டது. பிரெஞ்சு கீபோர்டைச் சேர்க்கப் போனால், முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு பட்டை வந்து நத்தையாக நகர்ந்தது. தேர்வு அதற்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்திலேயே திறந்து, கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டது.

ஜோசப் ஆனந்த் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அவனுடைய போன் அடித்தது. திரையில் அக்காவின் படம். முதல் மணியிலேயே எடுக்கிறவன், பார்த்துவிட்டுப் போனைக் குப்புறப் போட்டான். அது மேசைமேல் அதிர்ந்துகொண்டே நகர்ந்து, கீபோர்டின் ஓரத்தில் இடித்து நின்றது.

முதல் கட்டத்தில் பெயரைக் கேட்டிருந்தார்கள். சிந்தியா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, கடைசி எழுத்தான ஏ-வுக்கு மட்டும் ஒரு கணம் விரலை நிறுத்தி, க்யூவை அமுக்கினாள்.