விவரம் கேட்கப்பட்டுள்ளது

கையெழுத்து மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது, சரி. ஆனால் மூன்று பேருமா ஏழுக்கு நடுவில் கோடு போடுவார்கள்?

ஆர்லிஸ் காசோலை நகல்களைச் சமையலறை மேசைமேல் மறுபடி வரிசையாக வைத்தாள். மூன்றும் செப்டம்பர் பதினேழாம் தேதியிட்டவை. மூன்றிலும் அறுநூறு டாலர். தேதியில் வரும் ஏழின் இடுப்பில், பெல்ட் கட்டியது போல ஒரு சின்னக் கோடு. அவள் கணவன் ஹால்வர் அப்படித்தான் எழுதுவான். நார்வேயிலிருந்து வந்த அவனுடைய அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்த ஊரில் வேறு யாரும் அந்த எண்ணை அப்படி எழுதி அவள் பார்த்ததில்லை. பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எல்லோருடைய எழுத்தையும் பார்த்தவள் அவள். முதல்முறை அந்த எண்ணைக் கண்டபோது, செத்துப்போனவனிடமிருந்து கடிதம் வந்ததைப் போல நெஞ்சில் ஒரு இளக்கம் வந்தது. ஹால்வர் போய் நான்கு வருடம் ஆகிறது, அப்படியானால் இதை எழுதியது யார் என்று மனம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஹால்வரின் தம்பி டுவைட் கல்குவாரியின் மேலாளர். குவாரியை ஏரிப்பக்கம் விரிவாக்க அனுமதி தர வேண்டியது, தேர்தலை எதிர்நோக்கியிருந்த மாவட்ட மன்றம். குவாரி நிறுவனம் தேர்தலுக்கு நேரடியாகப் பணம் தரக்கூடாது, தனி ஆட்கள் தரலாம் என்பது விதி. அதனால் 'நல்ல சாலைகளுக்கான அண்டை வீட்டார்' என்று நன்கொடை திரட்டும் ஓர் அரசியல் குழு பதிவானது. டுவைட் தலைவர், ஆர்லிஸ் பொருளாளர். "உங்க பேரு இருந்தா போதும் அண்ணி, ஊரே நம்பும்" என்று அவன் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டு முன்புல்வெளிகளில் குத்திவைத்த பிரசாரப் பலகைகளின் அடியில், செலவு செய்தவர் யார் என்று காட்டும் பொடி எழுத்து வரியில் அவள் பெயரும் இருந்தது. காரில் போகும்போது எண்ணிப் பார்த்திருக்கிறாள். டுவைட் சொன்ன அந்த வாக்கியம் இப்போது வேறு மாதிரி கேட்டது. பேருதான் வேண்டியிருந்ததா? நான் வேண்டியிருக்கவில்லையா?

அவள் எதையும் விதிப்படி செய்பவள் என்பது மட்டும் அவனுக்கு நினைவில்லாமல் போயிருந்தது. இருநூறு டாலருக்கு மேல் தந்தவர் தன் தொழிலை எழுதாமல் விட்டால், பொருளாளர் கடிதம் போட்டுக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் 'விவரம் கேட்கப்பட்டுள்ளது' என்று எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான குழுக்கள் கேட்காமலே அந்த இரண்டு சொற்களை எழுதிவிடும். ஆர்லிஸ் விதிப் புத்தகத்தைப் படித்தவள். அந்தக் காசோலைகளைத் தந்த மூன்று பேரும் தொழிலை எழுதவில்லை; மூவருக்கும் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டாள்.

அதில் ஒருத்தி மேவிஸ் நூட்சன், பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள். இன்று காலை மளிகைக் கடை வாசலில், ஆர்லிஸ் காரில் பைகளை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். கையில் அந்தக் கடிதம்.

"என்ன தொழில்னு கேட்டிருக்கீங்க. இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்டுட்டு, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

"எல்லாரையும் கேக்கணும் மேவிஸ். அறுநூறு டாலர் கொடுத்திருக்கியே."

மேவிஸ் சிரித்தாள். "நானா? எங்க வீட்டு ஹீட்டரே டேப் ஒட்டி ஓடுது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரன் ராய்க்குக் குவாரியில திடீர்னு போனஸ் வந்துச்சு. மறுநாள் வெத்து செக்கைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடுன்னான். போட்டேன். மிச்சத்தை யாரு எழுதினாங்கன்னு தெரியாது. இதெல்லாம் நான் சொன்னதா வேண்டாம். அவன் வேலை போயிரும்."

அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆர்லிஸ் வெகுநேரம் காரைக் கிளப்பவில்லை.

ஹால்வருக்கு உடம்பு முடியாமல் போன அந்த ஏழு மாதமும் டுவைட்தான் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டினான். குளிர்காலத்தில் அவள் எழுந்திருக்குமுன் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். பனி தள்ள ஆரம்பித்தது எந்த வருடம்? குவாரி அனுமதிப் பேச்சுக்கு முன்னாலா, பின்னாலா? இப்படி வருடம் பார்க்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் பார்த்தாள். முன்னாலதான். அது ஆறுதலாக இல்லை. இன்னும் கடினமாக இருந்தது.

மூன்றே முக்காலுக்கு டுவைட் வந்தான். லாரியை வாசலில் ஓடவிட்டபடியே உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, அடுப்பின் மேலிருந்த காபியைத் தானே ஊற்றிக்கொண்டான்.

"நாலரைக்கு ஆபீஸ் மூடிருவாங்க அண்ணி. கையெழுத்துப் போட்டீங்கன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"மூணு பேருக்குத் தொழில் விவரம் இல்ல."

"கேட்டிருக்கோம்னு எழுதிருங்க. அதுக்குத்தானே அந்த வரி."

"நான் நிஜமாவே கேட்டேன். லெட்டர் போட்டு."

கோப்பை அவன் உதட்டருகில் ஒரு கணம் நின்றது. "லெட்டரா?" என்றான். பிறகு சிரித்தான். "உங்களை வச்சுக்கிட்டு ஒரு தப்பு பண்ண முடியாது போல. யாராவது பதில் போட்டாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. மேவிஸின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஆர்லிஸ் அதை விழுங்கினாள்.

"எழுத்துல எதுவும் வரல," என்றாள்.

"அப்புறம் என்ன?" அவன் அறிக்கையின் கடைசித் தாளை அவள் பக்கம் தள்ளினான். தனக்குத் தெரிந்தவரை எல்லாம் உண்மை என்ற வாக்கியம், அதன் கீழே கோடு, அதன் பக்கத்தில் தேதிக்கான இடம். தனக்குத் தெரிந்தவரை. நேற்றுவரை அந்தச் சொற்கள் எவ்வளவு அகலமாக இருந்தன என்று நினைத்துக்கொண்டாள்.

"தேதியை நீயே போட்டுடேன்," என்று பேனாவை நீட்டினாள். "கண்ணாடி எங்கயோ வச்சுட்டேன்."

கண்ணாடி அவள் மூக்கின்மேல்தான் இருந்தது. அவசரத்தில் அவன் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து அக்டோபர் 27 என்று எழுதினான். ஏழு முடிந்ததும், கை தானாகவே நடுவில் கோடு இழுத்தது. அப்போதுதான் தாளுக்கு மேலே வரிசையாக இருந்த மூன்று நகல்களையும் பார்த்தான்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தான்.

"ராய் மாதிரி நாப்பது குடும்பம் அண்ணி, அந்தக் குவாரியை நம்பி," என்றான், தலை நிமிராமல். "அண்ணன் இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பான்."

போட்டிருப்பானா? அது அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி, மூடியைத் திருகி, சர்க்கரைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"நான் போடல, டுவைட்."

அவன் எழவில்லை. அவளும் எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரியின் புகை புல்வெளிக்கு மேல் தாழ்வாகப் பரவி, பிரசாரப் பலகையின் அடி வரியை மறைத்தது. காற்றில் விலகியது, மறுபடி மறைத்தது.