லென்ஸ் போடாத இரண்டு கிழமை

சுன்னாகத்துப் புடவைக்கடையின் பின்அறையில் உதயகலா கூறைச் சேலைகளை மடித்து விலைத்துண்டு குத்திக்கொண்டிருந்தாள். அங்கே மின்விசிறி இல்லை. வியர்வையில் கண்ணாடி வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. முன்பக்கத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் இன்னொரு விற்பனைப்பெண் மதுரா நின்று, வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டினாள்.

கண்ணாடி போட்ட பெண்கள் முன்னுக்கு நிற்கக்கூடாது என்பது முதலாளி சீவரத்தினத்தின் சட்டம். அதற்காகவே அவள் வருடக்கணக்காக, கடை திறப்பதிலிருந்து பூட்டும் வரை, ஏசிக் குளிரில் லென்ஸோடு நின்றாள். பின்னேரமானால் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல அறுக்கும். லேசர் செய்தால் கண்ணாடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம் என்று யாரோ சொல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணை அளவெடுப்பதற்கு முன் இரண்டு கிழமை, பதினாலு நாள், லென்ஸ் போடக்கூடாது என்றார்கள்.

"அதுவரைக்கும் பின்னுக்கு நில்லும். கண் சரிவந்தாப்பிறகு முன்னுக்கு வரலாம்" என்றார் முதலாளி.

அளவெடுக்கும் நாள் வந்தது. மை, பவுடர், சென்ற் ஒன்றும் கூடாது என்பதால் வெறும் முகத்தோடு கணவன் சுதாகரனின் மோட்டார்சைக்கிளில் ஏறினாள்.

"பயமாக் கிடக்கோ?" என்று கேட்டான் அவன்.

"இல்லையப்பா. இனிக் கண்ணெரியாமல் நிக்கலாமெல்லே."

டொக்டர் அம்மா அவளுடைய முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, லென்ஸை எவ்வளவு நேரம் போடுறனீங்கள்?"

"கடையிலை நிக்கிற நேரம் முழுக்க."

"கண் நல்லா வறண்டு போச்சு. கருவிழியிலை தழும்பும் விழுந்திருக்கு. லேசர் செய்யேலாது. லென்ஸும் இனித் தொடவேண்டாம்."

"அப்ப நான் கண்ணாடியோடைதானோ?"

"ஓம். கண்ணாடி போட்டால் வடிவாத் தெரியுதுதானே. உதிலை என்ன குறை?"

உதயகலா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து சுதாகரனின் முதுகுக்குப் பின்னால் ஏறி இருந்ததும் அழுதாள்.

மறுநாள் அவள் பின்அறைக்குப் போகாமல் நேரே முதலாளியின் மேசைக்குப் போனாள்.

"லென்ஸ் போட்டுத்தான் முதலாளி என்ரை கண் பழுதாப் போச்சு. என்னைக் கண்ணாடியோடை முன்னுக்கு விடுங்கோ."

அவர் கோபிக்கவில்லை. "கலியாணத்துக்கு உடுப்பெடுக்க வாற சனம் பிள்ளை. முன்னுக்கு நிக்கிற முகம் வடிவா இருக்கவேணும். நீர் பின்னுக்கே நில்லும்."

பிறகு தன் மூக்கிலிருந்த தடித்த கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, வாசலில் வந்திறங்கிய பெண்வீட்டாரை நோக்கிச் சிரித்த முகத்துடன் கைகூப்பினார்.