ஊறுகாய்க்கு ஒரு சத்தியம்

பேயாண்டிக்கு ஊறுகாய் என்பது தொட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை, அதுதான் சாப்பாடே. விளாங்குடிக்கு மேற்கே இருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்து மில்லில் ஸ்பின்னிங் பார்க்கிற மனுசன். கேண்டீன் சாம்பார் எம்புட்டுத் தண்ணியாக இருந்தாலும், மயில் மார்க் மாங்காய் ஊறுகாய் இருந்தால் சோறு இறங்கிவிடும். அதில் போய்க் கை வைத்தால் சும்மா விடுவாரா?

அன்றைக்குத் தொட்டு நாக்கில் வைத்ததுமே ருசி மாறியிருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கேண்டீன் கான்ட்ராக்டர் கண்ணுச்சாமி முன்னால் போய் நின்றார்.

"பாட்டில் மயில் மார்க்தான். உள்ள இருக்கிறது வேற."

கண்ணுச்சாமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுண்ணே. போயி வைத்தியரப் பாருங்க."

கேண்டீனே சிரித்தது. பேயாண்டிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யூனியன்காரரிடம் போனார். போனஸ் தகராறில் மண்டை காய்ந்திருந்த அவர், "ஊறுகாய்க்காண்ணே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். போகட்டும் என்று மேனேஜர் ரூமுக்கே போனார். அங்கேயும் கண்ணுச்சாமி, "மயில் மார்க்தான் சார், வீண் பழி" என்று ஒரே அடியாகச் சாதித்தார்.

"அப்ப மில்லு கேட்டுல இருக்கிற முனியாண்டி சாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றார் பேயாண்டி. "அணைச்சிட்டா, கேண்டீன்ல அம்புட்டுப் பேரு முன்னாலயும் நான் பொய்யன்னு மன்னிப்புக் கேக்குறேன்."

முனியாண்டி முன்னால் எவன் துணிந்து பொய் சொல்வான் என்பது அவர் கணக்கு. ஆனால் கண்ணுச்சாமி டவுனிலேயே பிறந்து வளர்ந்த ஆள், அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஷிப்ட் முடிந்து கூட்டம் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் போடுறது மயில் மார்க்தான், சத்தியம்" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, படுபாவி!

மறுநாள் மத்தியானம் கேண்டீனில் உட்கார இடமில்லை. பேயாண்டி எழுந்தார்.

"சொன்ன வாக்கு. நான் பொய்யன். மன்னிச்சிருங்க. போதுமா?"

அவர் தலை குனியவே இல்லை. கண்ணுச்சாமி இளித்துக்கொண்டே பாட்டிலோடு வந்து, ஒரு கரண்டி ஊறுகாயை அவர் தட்டுக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் பேயாண்டிக்குச் சுருக்கென்றது. சத்தியம் வாங்கினவனுக்கும் செய்தவனுக்கும் நடுவே சோறு தண்ணி புழங்கக் கூடாது. கோயிலில் வைத்து அந்தச் சத்தியத்தைக் கழிக்கிற வரைக்கும் பங்காளிகளும் அங்கே கை நனைக்கக் கூடாது. ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த முறை. கோபத்தில் அது மறந்துபோய், தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

தட்டை வெடுக்கென்று இழுத்துக் கவிழ்த்தார்.

"சூடம் அணைச்ச கையில நான் சோறு வாங்க மாட்டேன். பட்டினி கெடந்து செத்தாலும் சரி."

பக்கத்துப் பெஞ்சிலிருந்து அவர் அண்ணன் மகன் விருமாண்டி எழுந்தான். "சித்தப்பனுக்கு ஆகாத சோறு எனக்கு என்னத்துக்கு?"

அவனைப் பார்த்து இன்னொருவன் எழுந்தான். ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்தால் அண்ணன் தம்பியைக் கூட்டிவந்து சேர்த்துவிடுகிற மில் அது. பாதி ஷிப்ட் பேயாண்டிக்குப் பங்காளி. மீதியில் முக்கால்வாசிப் பேர் அவர்கள் வீட்டில் பெண் கட்டிய மாப்பிள்ளைகள். பெஞ்சுகள் காலியாயின. அண்டா நிறைய சாம்பார் அப்படியே கிடந்தது.

மறுநாளிலிருந்து எல்லார் கையிலும் தூக்குச்சட்டி. பழைய சோறும் வெங்காயமும் தின்றுகொண்டு பேயாண்டி ஊறுகாய்க்கு ஏங்கினார். ஏங்கினாரே தவிர இறங்கவில்லை.

கடைசியில் கண்ணுச்சாமிதான் மிஷின் பக்கம் தேடி வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"லூஸ்ல வாங்கித்தான் பாட்டில்ல அடைச்சேன், ஒத்துக்கிறேன். சத்தியத்தக் கழிச்சு விடுங்கண்ணே. ஆக்குற சோறெல்லாம் மாட்டுக்குப் போகுது. இனிமே அசல் மயில் மார்க்தான்."

"கழிக்கலாம்" என்றார் பேயாண்டி. "மொதல்ல கேண்டீன்ல அம்புட்டுப் பேரு முன்னாலயும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்றேண்ணே. ஊறுகாயப் பத்தித்தான?"

"அது கெடக்கட்டும்யா. என் நாக்கு சாகலைன்னு சொல்லு."