மாரிசெல்வத்தின் எட்டு அடி

ஷாகிரின் பையைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தது மாரிசெல்வமேதான். வேறு யார் மீதும் பழி போட அவனுக்கு வழியே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த ஸ்டூடியோவில் 'வடாலா சேஞ்ச்' என்கிற ராக் குழு தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. குழு என்றால் பெரிய பட்டாளம் ஒன்றுமில்லை, மூன்றே பேர். கிடார் வாசித்துக்கொண்டே பாடும் கிருஷ்ணா, மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸுக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளை. பேஸ் கிடார் வாசிக்கும் ஷாகிர், தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் முகைதீன் பாயின் மகன். கம்ப்யூட்டரில் செய்யவேண்டிய வேலை எல்லாம் அவன் தலையில்தான் விழும். டிரம்ஸ் அடிப்பவன் மாரிசெல்வம். மூன்று பேரும் காலேஜுக்குப் போகும் காலத்தில் வடாலாவில் இறங்கி ரயில் மாறுவார்கள். நட்பு அந்தப் பிளாட்பாரத்தில் பிடித்தது, குழுவின் பெயரும் அங்கேயே கிடைத்தது.

மூன்று வருடம் முன்பு வந்த முதல் ஆல்பத்தில் 'தண்ணி டேங்கர்' என்று ஒரு பாட்டு. பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுபோகும். டிரம்ஸ் மட்டும் தனியாக எட்டு அடி அடிக்கும். அந்த எட்டு அடிதான் குழுவைத் தூக்கிவிட்டது. காலேஜ் விழாக்களில் பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் கூட்டம் மொத்தமும் காற்றில் குச்சி வீசும். மாரிசெல்வம் குரியர் கம்பெனி வேலையை விட்டது அந்த எட்டு அடியை நம்பித்தான். இப்போது செம்பூரிலும் தேவ்நாரிலுமாகப் பதினோரு பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறான். எல்லாப் பிள்ளையும் முதல் நாளே கேட்பது அதைத்தான்.

அதிலே ஒரு விசேஷம் உண்டு. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது மாரிசெல்வத்துக்கு மழைக்காலத்துக் காய்ச்சல். மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போய், குச்சியைப் பிடித்தால் உயிர் போனது. என்ன அடித்தோம், எப்படி அடித்தோம் என்று அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆல்பம் வெளிவந்து கேட்டபோது அவனே அசந்துபோனான். நல்ல உடம்போடு உட்கார்ந்து அடித்துப் பார்த்தும் அந்த எட்டு அடி அவனுக்கு வரவில்லை. நாலு மாதம் விடாமல் பழகிய பிறகுதான் கைக்கு வந்தது. அவன் அம்மா முப்பிடாதியம்மாள் இதைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "ஏல, அது நீ அடிக்கல. காய்ச்சல்ல கெடந்த பிள்ளைக்கு ஏது அம்புட்டு தெம்பு? ஆத்தா எறங்கி அடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விடவில்லை. அம்மனுக்குப் பொங்கல் வைத்து, தெருவெல்லாம் கொடுத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதையையும் கூடவே பரிமாறினாள். மாரிசெல்வம் வெளியே சிரித்துக்கொண்டான். உள்ளுக்குள் நம்பினான். ஒவ்வொரு மேடையிலும் உட்காருவதற்கு முன் குச்சிகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்ய மானசா என்று ஒரு பெண்ணைப் பிடித்திருந்தார்கள். செம்பூர்க்காரி, வேலையில் கறார், பழைய கதை எதுவும் தெரியாது. அன்று மத்தியானம் ஷாகிர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். கிருஷ்ணா சாப்பாடு வாங்கப் போயிருந்தான். வாசிக்கும் அறையைப் பிரிக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் மானசாவும் மாரிசெல்வமும் மட்டும் இருந்தார்கள்.

"முதல் ஆல்பத்துல உங்க டிரம்ஸ் சவுண்ட் வேற மாதிரி இருக்கு. ரொம்ப டைட். இப்போ அது வரல. பழைய ஃபைல் கெடச்சா பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்" என்றாள் மானசா.

"அது ஷாகிர் பையில டிஸ்க்குல கெடக்கும். நம்ம டிஸ்க்குதான, எடுத்துத் தாரேன்" என்றான் மாரிசெல்வம். பெருமையோடுதான் எடுத்துக் கொடுத்தான்.

ஷாகிர் அந்த ஃபைலை எப்போதோ அழித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். ஆனால் அவன் பட்டறையில் வளர்ந்தவன். உள்ளங்கை அகலத் துண்டுத் தோலையும் எதற்காவது ஆகும் என்று மூட்டை கட்டி வைக்கிற வீடு அது. அந்தப் புத்தியில் வந்தவனுக்கு எதையும் தூக்கிப் போடக் கை வராது.

மானசா 'தண்ணி டேங்கர்' ஃபைலைத் திறந்தாள். திரையில் கோடு கோடாக நிறைய வரிகள் விரிந்தன. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு வரி. மேலே டிரம்ஸைச் சுற்றி வைத்த எட்டு மைக்குக்கும் எட்டு வரிகள், எல்லாவற்றிலும் 'மாரி' என்று பெயர். எட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன. கீழே பச்சையில் ஒரே ஒரு வரி, 'டிரம்ஸ் ஃபைனல் ஷாகிர்' என்று.

மானசாவின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் மாரிசெல்வம்.

"இல்ல, வேற வெர்ஷன் போல. மூடிடறேன்."

"மூடாதீங்க. அது ஏன் எம்பேரு மட்டும் சாம்பலா இருக்கு?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாம்பல்னா ம்யூட்ல இருக்குன்னு அர்த்தம். கேக்காது" என்றாள்.

"அப்ப பாட்டுல கேக்குதது?"

"பச்சையா இருக்கே, அது."

பச்சை வரியை அவள் பெரிதாக்கிக் காட்டினாள். மைக்கில் பதிந்த ஒலி என்றால் மேடும் பள்ளமுமாக அலை தெரியும் என்பது மாரிசெல்வத்துக்கும் தெரியும். இதில் அலை இல்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், எறும்பு வரிசை போல, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் இருந்தன. பல்லவிக்கு முன்னால் எட்டுக் கட்டங்கள். கம்ப்யூட்டரே அடிக்கும்படி யாரோ உட்கார்ந்து மவுஸால் ஒவ்வொன்றாக வைத்தவை.

இது வேறு பாட்டாக இருக்கும் என்று மாரிசெல்வம் ஒரு நொடி நினைத்தான். மேலே பெயரைப் பார்த்தான், அதே பாட்டு. அடுத்த பாட்டைத் திறக்கச் சொன்னான். அதிலும் எட்டு சாம்பல், ஒரு பச்சை. அதற்கடுத்ததும் அப்படியே. ஆல்பத்தின் ஒன்பது பாட்டையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றிலும் அவன் இல்லை.

"என்னோடதப் போடுங்க" என்றான்.

"மாரி, வேண்டாமே. அவங்க வரட்டும்."

"போடுங்கம்மா."

அவள் பச்சையை அணைத்துவிட்டுச் சாம்பல் வரிகளைத் திறந்தாள். 'தண்ணி டேங்கர்' ஓடியது. டிரம்ஸ் பாட்டுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. பல்லவிக்கு முன்னால் எல்லாம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று அடி. நாலாவதில் தடுமாற்றம். ஐந்தாவதில் குச்சி கைநழுவித் தரையில் விழுந்து உருளும் சத்தம். அவ்வளவுதான், எட்டு இல்லவே இல்லை.

பிறகு மூச்சு வாங்கும் சத்தமும், காய்ச்சல்காரனின் குரலும். "ஏல, கடைசில கொஞ்சம் போயிட்டு. மத்தபடி சரியா இருந்துச்சா?"

கிருஷ்ணாவின் குரல் வந்தது. "சூப்பர்டா மாரி. ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். நீ போய்ப் படு."

கதவு திறந்து மூடியது. மைக் அணைக்கப்படவில்லை. அப்புறம் ஷாகிரின் குரல், மெதுவாக, "ஒண்ணுகூடத் தேறாதுடா. என்ன செய்ய?"

"அவன்கிட்ட சொல்லிண்டிருக்காதே. ஒடஞ்சு போயிடுவான். நாம பாத்துக்கலாம்."

மானசா நிறுத்தினாள். மாரிசெல்வம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பட்டப்பகலில் தெருவில் நடக்கும்போது மேலிருந்து என்னவோ மண்டையில் விழுந்து, என்ன விழுந்தது என்று தெரியாமல் ஒருவன் நிற்பானே, அப்படி உட்கார்ந்திருந்தான். நாலு மாதம் வியர்வை சிந்திப் பழகியது எதை? ஷாகிர் கட்டம் கட்டி வைத்ததை. பதினோரு பிள்ளைகளுக்கு, இது என்னுடைய அடி என்று சொல்லிக்கொடுத்தது எதை? அதையேதான்.

சாப்பாட்டுப் பையோடு கிருஷ்ணா வந்தான். பின்னாலேயே தொப்பியைக் கழற்றியபடி ஷாகிர். திரையில் என்ன திறந்திருக்கிறது என்று ஷாகிர் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டான். கிருஷ்ணா மட்டும் புரியாமல், "சாப்பிடலாமா? இட்லி ஆறிடும்" என்றான்.

"உக்காரு" என்றான் மாரிசெல்வம். "ஷாகிரு, நீயும் உக்காரு. ஒன்பது பாட்டும் நீதானா?"

ஷாகிர் தலையைக் குனிந்துகொண்டான். "மாரி, ஒனக்குக் கையி அப்படி வீங்கிக் கெடந்துச்சு. ரெக்கார்டிங் எடத்த மறுநாளு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. வேற வழி தெரியல. ரிலீஸ் ஆனப்புறம் சொல்லிரலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள எல்லாரும் அந்த எட்டு அடி, எட்டு அடின்னு..."

"ஒங்கிட்ட சொல்ல எத்தனையோ தடவை வந்தேண்டா" என்றான் கிருஷ்ணா. "நீ வேலையை விட்டுட்டேன்னு வந்து சொன்னே பார், அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"வேலைய விட்டது கெடக்கட்டும்" என்றான் மாரிசெல்வம். "எங்கம்மை பொங்கல் வச்சாள்லா? ஆத்தா எறங்கி அடிச்சான்னு தெரு பூரா சொன்னாள்லா? நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுல சம்மணம் போட்டு உக்காந்து அந்தப் பொங்கலத் தின்னிங்களே. ஷாகிரு, நீ ரெண்டாந்தரம் வாங்கித் தின்ன. அப்பயும் வாயி வரலையா?"

ஷாகிர் கையிலிருந்த தொப்பியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"ஆத்தான்னு நெனச்சு மூணு வருசமா நான் கும்பிட்டது ஒன் மவுஸையா, ஏல?"

இதைக் கேட்டு வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஷாகிர் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். அவர்கள் செய்தது துரோகம் என்று சொல்லவும் மாரிசெல்வத்தால் முடியவில்லை. இருவரும் தன் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமையாக இருந்தது. அடித்தவன் எதிரி என்றால் திருப்பி அடிக்கலாம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்குள் மெல்ல எழுந்தது. இந்த நாலு நாளாக இதே அறையில் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கிருஷ்ணா "சூப்பர்டா" என்றிருக்கிறான். மேடைகளில் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அதில் எது நிஜம்? தனக்கு டிரம்ஸ் வருமா வராதா என்பதே மாரிசெல்வத்துக்கு இப்போது தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான்.

"இன்னிக்கு வேண்டாம்டா மாரி" என்றான் கிருஷ்ணா. "இத்தோட நிறுத்திக்கலாம். நாளைக்கு..."

"புதுப் பாட்டப் போடுங்க. அடிக்கேன்."

புதுப் பாட்டின் பெயர் 'பதினோராவது மாடி'. அதற்குப் பழைய ஆல்பத்தில் நகல் கிடையாது. பார்த்துப் பழக ஒருவரும் கட்டம் கட்டி வைக்கவில்லை. மாரிசெல்வம் குச்சிகளை எடுத்தான். பழக்கத்தில் கண்ணுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்று கீழே இறங்கியது. மானசா பதிவை ஓடவிட்டாள். மூன்றரை நிமிடம் அடித்தான். கை முந்தியதா, பாட்டோடு போனதா, அவனால் சொல்ல முடியவில்லை. கடைசி அடி ஓய்ந்ததும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் கிருஷ்ணா பேசும் பொத்தானை அழுத்தினான். "சூ..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். பக்கத்தில் ஷாகிர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வம் இருவரையும் பார்க்கவில்லை. நாலு நாள் மட்டுமே தன்னைத் தெரிந்த மானசாவைப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு?"

மானசா கிருஷ்ணாவைப் பார்த்தாள். கிருஷ்ணா கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

"நல்லா இல்ல மாரி. ரெண்டாவது சரணத்துல பாட்டை விட்டு முன்னாடி ஓடறீங்க. கடைசில கை தளர்ந்து போச்சு. இத வெச்சுக்க முடியாது."

ஹெட்போனில் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் மாரிசெல்வத்துக்கு அழுகை வந்தது. சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது சரணத்துல, எந்த எடத்துல ஓடுதேன்னு சொல்லுங்க" என்றான்.